வாடகை யானையும் வளர்ப்பு யானையும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நாம் அறிந்த பழமொழி. வாடகைக்கு எடுத்த யானைக்கு இப்பழமொழி வேறு விதமாகப் பொருந்தும். அது வரும்போதும் பொன் கேட்கும். போகும்போதும் பொன் கேட்கும். இதை நான் ஏட்டிலே படித்துச் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டு சொல்கிறேன்.

அடுத்த முத்தமிழ் விழாவில் நம் கல்லூரி மாணவர்கள் நடிக்கவிருக்கும் இசை நாடகத்துக்காக, பெரிய பொம்மைக் குதிரை ஒன்றை நகரத்திலிருந்து வாடகைக்குத் தருவிக்கலாம் என்று நண்பர்கள் சிலர் பேசிக்கொள்கின்றனர். அந்தப் பேச்சு என் காதில் விழுந்த நாளிலிருந்து மனம் ஓயவில்லை. ஆகவே இதனை எழுதத் துணிந்தேன். பள்ளியோ கல்லூரியோ மேடையேற்றும் நாடகத்துக்குப் பெரிய உருவம் ஒன்று தேவைப்பட்டால், அதை நாமே செய்துகொள்ள வேண்டும். வாடகை என்பது வேறு வழியே இல்லாதபோது நாடுகிற கடைசி வழியாக இருக்கட்டும். இதுவே என் கருத்து. ஏன் என்று கேட்பீர்களானால், முதலில் என் ஊர்க் கதையைக் கேளுங்கள்.

கூக்காலுக்கு வந்த யானை

என் ஊர் கூக்கால். பழனி மலைத்தொடரின் மேல்மலையில், கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஊருக்கு ஓர் ஏரி உண்டு. படிப்படியாக வெட்டிய சரிவுகளில் மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளைகின்றன. இரவில் காட்டெருமையும் காட்டுப்பன்றியும் வேலியை முறித்துக்கொண்டு வருவதால், தோட்டத்துக் காவல் என்பது எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கும் பழகிய வேலை.

2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு 'வள்ளி திருமணம்' என்று முடிவாயிற்று. அப்போது நான் பத்தாம் வகுப்பு மாணவி. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) நாடக மேடைக்கு வகுத்தளித்த அக்கதையைத் தமிழாசிரியர் முக்கால் மணி நேரப் பாட்டு நாடகமாகச் சுருக்கிக் கொடுத்தார். தினைப்புனம் காக்கும் வள்ளி எங்களுக்கு அயலாள் அல்லள். பூண்டுத் தோட்டம் காக்கும் எங்களுள் ஒருத்தி. பக்கத்துப் பூம்பாறையில் முருகன் குழந்தை வேலப்பராகக் கோயில் கொண்டிருக்கிறான். இதைவிடப் பொருத்தமான நாடகம் எங்கே கிடைக்கும்? வள்ளி வேடம் எனக்குக் கிடைத்தது.

கதை எல்லாருக்கும் தெரிந்ததே. கிழவனாக வந்த முருகனை வள்ளி ஏற்க மறுக்கிறாள். முருகன் அண்ணனை அழைக்கிறான். விநாயகர் யானையாகி வந்து மிரட்ட, அஞ்சிய வள்ளி ஓடிப்போய்க் கிழவனைப் பற்றிக்கொள்கிறாள். நான் பார்த்த திருவிழா மேடைகளில் யானை வருவதில்லை. பின்னால் ஒரு பிளிறல் கேட்கும், வள்ளி அலறுவாள், அவ்வளவுதான். எங்களுக்கு அது போதவில்லை. "யானை கண்ணுக்குத் தெரிய வேண்டும்" என்று அடம்பிடித்தோம். ஆசிரியர் தயங்கினார். வீடு வீடாகச் சென்று பணம் திரட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தவர்களுள் நான் முதலாவது ஆள். அவ்வாண்டு விதைப்பூண்டு வாங்க ஒதுக்கி வைத்திருந்த பணத்திலிருந்து என் அம்மா 500 ரூபாய் எடுத்துக் கொடுத்தார்.

சமவெளி நகரம் ஒன்றில் விழாப் பொருள்கள் வாடகைக்கு விடும் கடையில் பேசி முடித்தோம். இரண்டு நாள் வாடகை 6,000 ரூபாய், வண்டிக் கூலி 5,000, முன்பணம் 3,000. இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே சாம்பல்நிற ரெக்ஸின் தோல், அடியில் நான்கு சக்கரங்கள். புகைப்படத்தில் பார்த்தபோது பட்டத்து யானையாகவே தெரிந்தது.

விழாவன்று பகல் பதினொரு மணிக்கு அது ஊர் வந்து சேர்ந்தது. மலைச்சாலையில் தாழ்ந்திருந்த ஒரு கிளை வலக் காதைக் கிழித்திருந்தது. பள்ளி மைதானத்து மண்ணில் சக்கரங்கள் உருள மறுத்தன. பத்துப் பேர் சேர்ந்து தள்ளி மேடையருகே கொண்டு சேர்த்தால், மேடையின் பக்கவழி யானையைவிட ஒன்றரை அடி குறுகல்! பிள்ளைகள் ஆசையோடு தொட வந்தபோதெல்லாம் உடன் வந்தவர் விரட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது; பொருளுக்கு அவர்தானே பொறுப்பு.

கடைசியில் யானை மேடைக்குக் கீழே, மைதானத்திலேயே நின்றது. வள்ளியாகிய நான் மேடை விளிம்புக்கு வந்து, கீழே குனிந்து பார்த்து, அசையாமல் நிற்கும் இரும்பு யானையைக் கண்டு அலற வேண்டியதாயிற்று. கூட்டம் சிரித்தது. கிழவன் வேடத்தில் இருந்தவனும் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். ஆசிரியரின் உழைப்பெல்லாம் அந்த ஒரு சிரிப்பில் போயிற்று. போக வர ஆன நாள்களையும் சேர்த்து நான்கு நாள் வாடகை என்று கணக்கு வந்தது. கிழிந்த காதுக்காக முன்பணம் பிடித்துக்கொள்ளப்பட்டது. எல்லாமாக 20,000 ரூபாய். அடுத்த மாதமே ஊரடங்கு வந்து பள்ளி மூடப்பட்டது. ஆண்டு விழா என்றால் பிள்ளைகளுக்கு நெடுநாள் நினைவில் இருந்தது அந்தக் கேலிக்கூத்து ஒன்றுதான்.

பூண்டு மணக்கும் யானை

2024ஆம் ஆண்டு அதே பள்ளியில் மறுபடியும் 'வள்ளி திருமணம்'. அப்போது நான் இக்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. விடுமுறைக்கு ஊர் போயிருந்த என்னை ஆசிரியர் அழைத்து, "யானைக்கு என்னம்மா வழி?" என்று கேட்டார். அவர் பழைய கதையைச் சொல்லிக் காட்டவில்லை. ஆனாலும் எனக்குக் கூசிற்று. "நாமே செய்வோம் ஐயா" என்று சொல்லிவிட்டேன். எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது.

தெரிந்தவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு ஏற்றிச் சென்ற வண்டி திரும்பும்போது மூங்கில் வந்தது. கூடை முடையும் தாத்தா ஒருவர் அதைப் பிளந்து, சிம்பாகச் சீவி, கவிழ்த்த கூடையைப் போல் யானையின் முதுகை முடைந்தார். ஆணி ஒன்றுகூட இல்லை. எல்லாம் கயிற்றுக் கட்டு. "கனம் பாக்கிறவன் கண்ணுக்குத் தெரியணும் தாயி, தூக்குறவன் தோளுக்குத் தெரியக் கூடாது" என்றார். பெரும் பொம்மை செய்யும் கலைக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

தலைக்குக் காகிதக் கூழ். பழைய வினாத்தாள்களையும் செய்தித்தாள்களையும் மூன்று நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து அரைத்தார்கள் என் அம்மாவும் அண்டை வீட்டு அத்தைமாரும். காகிதக் கூழில் முறமும் கூடையும் செய்த அந்தக் காலத்துப் பக்குவம் அது. வெந்தயம் கூழுக்குப் பிடிப்பைக் கொடுக்கும். தோலுக்குப் பூண்டு கட்டும் சணல் சாக்கு. வண்ணத்துக்கு அடுப்புக்கரியும் சுண்ணாம்பும். மேல்மலைப் பனியில் கூழ் காய மறுத்ததால், இரவில் தலையை மட்டும் ஒரு வீட்டு அடுப்படியில் வைத்துக் காத்தோம்.

பிழைகளும் நேர்ந்தன, மறைக்கவில்லை. முதலில் செய்த தும்பிக்கைக்குள் பழந்துணியை அடைத்தோம். அதன் பாரத்தில் தலை முன்னே சாய்ந்து, உள்ளே நின்ற பையனின் கழுத்து நோவெடுத்தது. அதைப் பிரித்தெறிந்துவிட்டு, பெரிதிலிருந்து சிறிதாக மூங்கில் வளையங்களைத் துணிக்குள் வைத்துத் தைத்து, உள்ளே ஒரு கயிறு ஓட்டினோம். கயிற்றை இழுத்தால் தும்பிக்கை சுருண்டு எழுந்தது. காதுகள் தனியே அசைந்தன. ஆறரை அடி உயரம்; எடை 14 கிலோ; சுமப்பவர் இருவர். மொத்தச் செலவு 2,700 ரூபாய். ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் மூன்று சனிக்கிழமைகளில் செய்து முடித்தார்கள். பொதுத்தேர்வு எழுதுவோரை நாங்கள் அழைக்கவில்லை.

நடை பழக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. கோயில் யானை நடக்கும் காட்சியைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்தோம். யானை முதலில் பின்னங்காலை எடுத்து வைக்கிறது. பிறகு அதே பக்கத்து முன்னங்கால். அதன்பின் மறுபக்கத்துப் பின்னங்கால். ஆகவே யானைக்குள் பின்னால் நிற்கிறவன் எடுத்து வைத்த பிறகே முன்னால் நிற்கிறவன் கால் தூக்க வேண்டும். பின்னங்காலாக நின்றவன் வகுப்பில் வாய் திறக்கவே திக்கும் பையன். எந்த நாடகத்திலும் அவனுக்கு வேடம் கிடைத்ததில்லை. யானையை நடத்தியவன் அவன்.

விழாவன்று யானை மேடைப் படியேறி, காதை அசைத்து, தும்பிக்கையைத் தூக்கியது. முன்வரிசையில் இருந்த ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. வள்ளி வேடமிட்ட சிறுமி உண்மையாகவே ஓடினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. காட்சி முடிந்ததும் பிள்ளைகள் எல்லாரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். யானை பூண்டு மணந்தது. அதற்காக மட்டும் எல்லாரும் சிரித்தார்கள்.

நம் நாட்டுக் கைத்திறன்

பெரிய உருவம் செய்து ஆட்டுவிப்பது நமக்குப் புதியதா? வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்திலே, கயிற்றால் ஆட்டப்பட்டு உயிருள்ளது போல் மயக்கும் மரப்பாவையை உவமை கூறுகிறார். உவமை என்பது கேட்போருக்குத் தெரிந்த பொருளாகத்தானே இருக்க முடியும்? அப்படியானால் அக்காலத் தமிழன் பாவைக் கூத்தைப் பார்த்துப் பழகியவன் அன்றோ!

கும்பகோணம் வட்டாரத்துப் பொம்மலாட்டத்தை எண்ணிப் பாருங்கள். அப்பொம்மைகளுள் சில நாலரை அடி உயரமும் 10 கிலோ எடையும் உள்ளவை. இந்திய நாட்டுக் கயிற்றுப் பொம்மைகளுள் இவ்வளவு பெரியவையும் கனமானவையும் வேறில்லை என்பர். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குகிறார்கள். அம்மரம் மென்மையும் இலேசும் உடையது. உடற்கயிறுகளை ஓர் இரும்பு வளையத்தில் கட்டி, அவ்வளையத்தைக் கலைஞர் மகுடம் போலத் தம் தலையிலே சூடிக்கொள்கிறார். பொம்மையின் கைகளைக் கம்பிகளால் இயக்குகிறார். கலைஞரின் தலை அசைந்தால் பொம்மை அசைகிறது. எங்கள் தாத்தா சொன்ன இலக்கணம் அங்கேயும் இருக்கிறது: பார்ப்பவர் காண்பது பாவையின் ஒயில், பாரம் முழுவதும் கலைஞரின் தலையில்.

தஞ்சைப் பகுதியின் பொய்க்கால் குதிரையில் ஆடுபவரே பாதிக் குதிரையாகிவிடுகிறார். இடுப்பிலே கூடு, காலிலே கட்டை. புரவி எடுப்பில் வேளார் சுட்டுத் தரும் மண் குதிரைகளை ஊரார் சுமந்து சென்று ஐயனாருக்கு வைக்கிறார்கள். கோயில்தோறும் யானை வாகனமும் குதிரை வாகனமும் இருக்கின்றன. ஊர்த் தச்சரும் குயவரும் ஊருக்கு வேண்டிய பெரிய உருவங்களைச் செய்து தந்த நாடு இது.

பழங்கதை பேசுகிறேன் என்று எண்ண வேண்டா. நம் தமிழ்நாட்டுக் கூடலூர்ப் பகுதியில் பெட்டக்குறும்பர், பணியர் முதலான பழங்குடி மக்கள், காட்டைக் கெடுக்கும் உண்ணிச்செடியின் தண்டுகளை வேகவைத்துத் தோலுரித்து வளைத்து, உண்மை யானையின் அளவிலேயே யானைகள் செய்கிறார்கள். அவை 2021இல் இலண்டன் பூங்காக்களில் நின்றன; 2024இல் 100 யானைகள் அமெரிக்காவில் ஊர் ஊராகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. களை என்று வெட்டி எறியும் செடி கடல் கடந்திருக்கிறது!

மேலைநாட்டு நாடகமும் இன்று இப்பக்கம் திரும்பியிருக்கிறது. 1997இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'தி லயன் கிங்' இசை நாடகத்தில் பார்வையாளர் நடுவே ஒரு யானை நடந்து வரும்; உள்ளே இருப்பவர்கள் நடிகர்கள். 2007இல் இலண்டன் தேசிய நாடக அரங்கில் 'வார் ஹார்ஸ்' நாடகத்துக்குத் தென்னாப்பிரிக்கக் கைவினைஞர்கள் பிரம்பால் குதிரை செய்தார்கள். மூவர் அதை இயக்குகின்றனர். அவர்களைப் பார்வையாளர்களிடமிருந்து மறைப்பதும் இல்லை. குதிரை மூச்சுவிடுவது போலத் தோன்றச் செய்வதே அவர்களுடைய முதல் பாடமாம். சக்கரம் வைத்த இரும்பு யானைக்கு இல்லாதது அந்த மூச்சுத்தான்.

மறுப்புக்கு மறுமொழி

"இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆசிரியர்களுக்குப் பாடச்சுமை இருக்கிறது. விழாக் காலமும் தேர்வுக் காலமும் நெருங்கி வருகின்றன. ஆனால் வாடகைக்கு எடுத்தால் நேரம் மிச்சமாகும் என்று நான் நம்பவில்லை. பணம் திரட்ட, கடை தேட, வண்டி பேச, காவல் இருக்க, திருப்பி அனுப்ப என்று 2020இல் நாங்கள் செலவிட்ட நேரம் மூன்று சனிக்கிழமைகளுக்குக் குறைந்ததன்று. அந்த நேரத்தில் ஒருவரும் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்பதே வேறுபாடு.

"கடையில் வருவது பார்வைக்கு நேர்த்தியாக இருக்குமே!" என்பர் வேறு சிலர். உண்மைதான். சில நாடகங்களுக்கு அதுவே தேவையாகவும் இருக்கலாம். 1982இல் நியூயார்க்கில் வந்த 'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற இசை நாடகத்தில் மனிதரை விழுங்கும் செடி ஒன்று காட்சிக்குக் காட்சி வளர்கிறது. அதற்குப் பல அளவுகளில் பொம்மைகள் வேண்டும். அமெரிக்கப் பள்ளிகள் பல அவற்றை வாடகைக்கே எடுக்கின்றன. அத்தகைய இடத்தில் அதைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் நமக்கு வேண்டியது ஒரு யானை, ஒரு குதிரை, ஒரு மயில். இவற்றைச் செய்யத் தெரிந்த கைகள் நம் தெருவிலேயே இருக்கும்போது 100 கிலோமீட்டர் போய்த் தேடுவானேன்?

இங்கே என் குறை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கூடை முடையும் தாத்தாவுக்கு நாங்கள் கூலி கொடுக்கவில்லை. ஒரு வேட்டியும் துண்டும் வாங்கி, மேடையில் பொன்னாடையாகப் போர்த்தினோம். அவர் மகிழ்ந்தார், நாங்களும் பெருமைப்பட்டோம். கடைக்காரருக்கு 20,000 ரூபாயை எண்ணிக் கொடுத்த ஊர், மூன்று சனிக்கிழமை வேலை செய்தவருக்கு ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டது முறையா? கலைஞரைப் போற்றுவது என்பது அவர் கூலியைக் கொடுப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். வாடகையில் மிச்சமாகும் பணத்தில் முதல் பங்கு அவருக்குப் போகட்டும்.

நாம் செய்ய வேண்டியது

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடைபெறுகிறது. மேடையில் ஆடவும் பாடவும் பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கிடைத்திருப்பது பாராட்டத்தக்கது. மேடைக்குப் பின்னே வெட்டவும் ஒட்டவும் முடையவும் தெரிந்த பிள்ளைகளுக்கும் அதே மதிப்பு வேண்டும். நம் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் ஓராண்டேனும் ஒரு மலைப்பள்ளிக்கோ சிற்றூர்ப் பள்ளிக்கோ சென்று, அவ்வூர்க் கைவினைஞரை ஆசிரியராக அமர்த்தி, பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு பெரிய பொம்மையைச் செய்து கொடுத்தால் என்ன? முகாம் முடிந்து நாம் திரும்பிய பிறகும் அது அங்கே நிற்கும்.

நிற்பது மட்டுமன்று, மாறவும் செய்யும். வாடகை யானை யானையாகவே வந்து யானையாகவே போயிற்று. எங்கள் யானை பள்ளித் தாழ்வாரத்தில் ஓராண்டு இருந்தது. ஒரு காதை எலி கடித்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் புதுச் சாக்கு வைத்துத் தைத்தார்கள். 2025 ஆண்டு விழாவில் அவர்களே ஒரு சிறு பாட்டு நாடகம் எழுதினார்கள். பூண்டுத் தோட்டத்துக்குள் புகுந்த காட்டெருமையை ஒரு பெண் பாட்டுப் பாடி வெளியே அனுப்புகிறாள் என்பது கதை. எருமைக்கு எங்கே போவது? தும்பிக்கையைக் கழற்றினார்கள், இரண்டு கொம்பு வைத்தார்கள், கரியைக் கூடுதலாகப் பூசினார்கள். யானை காட்டெருமையாயிற்று. என்னையோ ஆசிரியரையோ அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. பிரித்துக் கட்டத் தெரிந்துவிட்டது. இனி யார் துணை வேண்டும்? பின்னங்காலாக நின்ற பையன் இப்போது இளையவர்களுக்கு நடை பழக்குகிறான். "முதல்ல பின்கால், முதல்ல பின்கால்" என்று அவன் உரக்கச் சொல்வதைக் கேட்டேன். அந்தச் சொற்களில் அவனுக்குத் திக்கவில்லை.

ஆகவே நண்பர்களே, ஆசிரியப் பெருமக்களே! முத்தமிழ் விழாவுக்குக் குதிரை வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. அக்குதிரை நம் கல்லூரியிலேயே பிறக்கட்டும் என்பதே என் வேண்டுகோள். மூங்கில் வாங்கி வர நான் பொறுப்பேற்கிறேன். வெந்தயத்துக்கும் பழைய வினாத்தாளுக்கும் இங்கே பஞ்சமில்லை. குதிரைக்கு உள்ளே நிற்க இருவர் வேண்டும். பின்னங்காலாக நிற்க மனமுள்ளவர் முதலில் பெயர் கொடுங்கள்!